பகல் முழுக்கப் பால் கேட்கும் குழந்தை: கேட்டபோதா, மணி பார்த்தா, பீச்சி வைத்தா?

பத்து மணிக்குக் குடித்தவன் பத்தே முக்காலுக்கு மறுபடி விரலைச் சப்பிக்கொண்டு தலையைத் திருப்பித் தேடுவான். "இப்பத்தானேம்மா குடுத்த? பால் பத்தலை போல," என்பார் மாமியார். மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். மகளுக்கு மணிக்கணக்கு, மகனுக்குக் கேட்டபோதெல்லாம், வேலைக்குத் திரும்பியதும் பீச்சியெடுத்த பால்.

மணிக்கணக்கில் ஒரு சுகம் உண்டு. அடுத்த பால் ஒரு மணிக்கு என்று தெரிந்தால் தலைக்குக் குளிக்கலாம், சோறு ஆறுவதற்குள் சாப்பிடலாம். ஆனால் கணக்கே உதைக்கிறது. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் ராத்திரியும் விடாமல் கொடுத்தால்தான் 8. ஒன்று தவறினால் 7. தாய்ப்பால் ஒன்றரை மணி நேரத்திலேயே செரித்துவிடும், அதனால் பசி பொய்யில்லை. மார்பு நிறைந்தபடியே கிடந்தால் சுரப்பும் மெல்லக் குறையும். மகள் அழ அழ நான் கடிகாரத்தைப் பார்த்த நாட்களில் எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

அதற்காகக் கடிகாரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். காமாலையோடு தூங்கி வழிகிற குழந்தை, பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தை (பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் எட்டிவிடும்) பசியைக் கேட்கவே கேட்காது. பகலில் மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் எழுப்பிக் கொடுக்கக் கடிகாரம் வேண்டும். எழுப்பத்தான், காக்க வைக்க அல்ல.

கேட்டபோதெல்லாம் கொடுப்பதில் கஷ்டம் சாயங்காலம்தான். ஐந்து மணிக்கு மடியில் ஏறினால் ஒன்பது வரை விட்டு விட்டுக் குடிப்பான். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் குழந்தை வேகமாக வளரும்போது பகலெல்லாமே இப்படிப் போகும். "பால் பத்தலை" என்ற பேச்சு வீட்டில் கிளம்புவதும் அப்போதுதான். நான் நம்பியது இரண்டு கணக்கை. முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். முதல் மூன்று மாதம் தினம் சராசரியாக 25–30 கிராம் எடை ஏற வேண்டும். இது இரண்டும் சரியென்றால் பால் போதும். நாள் முழுக்க மார்பிலேயே கிடந்தும் எடை ஏறவில்லை என்றால் வாய் சரியாகப் பிடிக்கிறதா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்ட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கப் பழகியதுதான் என் முதுகைக் காப்பாற்றியது. சமையலறை என் பொறுப்பில்லை என்று வீட்டில் முடிவானது அதைவிட உதவி.

இடையில் பவுடர் பால்? டாக்டர் எடை பார்த்துச் சொன்னால் சரி. சும்மா ஒரு வேளை என்றால், அந்த வேளைக்கான சுரப்பைக் குறைத்துக்கொள்கிறோம்.

பீச்சி வைத்தால் பாட்டி கொடுப்பார், நாம் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். பீச்சும் நேரம், பாத்திரங்களைக் கழுவிக் கொதிக்க வைக்கும் நேரம் இரண்டையும் கூட்டினால் நேரடியாகக் கொடுப்பதைவிட அதிகம். பீச்சிய பால் 25 டிகிரியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள்; நம் ஊர் மே மாதச் சமையலறைக்கு அது பொருந்தாது. உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் நான்கு நாள். கரண்ட் போனால் அந்தக் கணக்கும் போச்சு. முதல் மாதத்தில் பாட்டிலைவிடப் பாலாடை (பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) எனக்குச் சரிப்பட்டது, மார்பை மறுக்கும் பிரச்சினை வரவில்லை.

ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு வேறு வழியில்லை. 2017இல் மகப்பேறு விடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு விடிகாலையில் நேரடியாக, பகலில் பீச்சியது, வீடு திரும்பியதும் கேட்டபோதெல்லாம் என்ற கலவைதான் நடக்கும்.

நான்காம் மாதம் வந்ததும் என் மகன் பகலில் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். ஃபேன், காக்கா, அக்காவின் வளையல் சத்தம் எல்லாவற்றுக்கும் தலையைத் திருப்புவான், பாக்கியை ராத்திரி வசூலிப்பான். அப்போது ஜன்னலைச் சாத்தி, அக்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொடுத்தேன். பாதி நாள் பலித்தது.