இபெரோலேஹானில் டெண்டர் எழுதுவது: சில வருட அனுபவம்

செந்தூலில் சின்னதாக ஒரு துப்புரவுச் சேவை நிறுவனம் நடத்துகிறேன். அரசாங்க அலுவலகக் குத்தகைகளுக்காக மலேசிய அரசின் இணையக் கொள்முதல் தளமான இபெரோலேஹானைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நிதியமைச்சில் பதிந்து, தொழிலுக்கு ஏற்ற கோட் பிடாங் (துறைக் குறியீடு) எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இல்லை. வேலையைப் பெற்றுத் தருவது நாம் எழுதும் தொழில்நுட்பப் பகுதிதான்.

டெண்டரில் தொழில்நுட்பத்தை ஒரு குழுவும் விலையைத் தனியாக இன்னொரு குழுவும் மதிப்பிடுகின்றன. அதனால் தொழில்நுட்ப ஆவணத்தில் விலை எங்குமே தலைகாட்டக் கூடாது. அப்புறம், நிபந்தனைகளுக்குக் கீழே 'மெமாத்துஹி' (இணங்குகிறோம்) என்று வரிசையாக எழுதிவைத்தால் மட்டும் மதிப்பெண் வராது. எந்த மாடிக் கழிவறையை யார், எத்தனை மணிக்கு, எந்தத் திரவத்தால் கழுவுவார், அவர் வராத நாளில் மாற்று ஆள் யார் என்று அட்டவணையாகக் காட்ட வேண்டும். லாவாத்தான் தாப்பாக்குக்கு, அதாவது இடத்தை நேரில் பார்வையிட, போகும்போதே கழிவறைகளையும் படிக்கட்டுகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்பு இல்லாமல் நான் எழுத உட்காருவதே இல்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும் ஏஜெண்டு ஒருவரின் மாதிரி என் கைக்கு வந்தது. அதில் கட்டடத்தின் பெயரை மாற்றினால் எந்த இடத்துக்கும் பொருந்தும். அப்படி எழுதியதை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்?

விலையைச் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். முதலாளி கட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். ஆக ஓர் உள்நாட்டு ஊழியருக்கே மாதம் 1,921 ஆகிவிட்டது. சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), சீருடை, துப்புரவுத் திரவம், இயந்திரம் எல்லாம் அதற்கு மேல்தான். இதற்குக் கீழே விலை போட்டு ஜெயித்தால் கடைசியில் அடிபடுவது ஊழியரின் சம்பளம். அதை நான் ஏற்க மாட்டேன். முன்பு யாருக்கு எவ்வளவுக்குக் கொடுத்தார்கள் என்று தெரிய அரசின் மைபுரோகியூர்மென்ட் தளத்தில் டெண்டர் முடிவுகளைப் பார்க்கலாம், இலவசம்தான்.

டெண்டரைப் பெரும்பாலும் இறுதி நாள் நண்பகல் 12 மணிக்கு மூடுவார்கள். முதல் நாளே அனுப்பிவிடுங்கள். தளத்தில் கையொப்பமிடப் பயன்படும் டிஜிட்டல் சான்றிதழின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி அறிக்கை கடைசி மூன்று மாதத்துக்கும் கேட்பார்கள், அதில் இருப்பு நன்றாகத் தெரிய வேண்டும். பெரிய குத்தகை என்றால் போன் பெலக்சானாஆன் (வேலையை முடிப்போம் என்பதற்கான உத்தரவாதத் தொகை) குத்தகை மதிப்பில் 5 விழுக்காடு வரை போகும். முதல் பட்டுவாடா வரும்வரை சம்பளத்தையும் நம் கையிலிருந்துதான் போட வேண்டும். அதனால் டெண்டர் அனுப்புவதற்கு முன்பே வங்கியில் பேசி வைத்துவிடுங்கள்.