வேலை கேட்டுப் போன என்னிடமே 780 ரிங்கிட் பிடுங்கிவிட்டார்கள்! பினாங்கில் வேலை தேடுகிறவர்கள் படியுங்கள்

பட்டர்வொர்த், பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை வேலை தேடுகிறீர்களா? உங்கள் வீட்டில் தங்கச்சியோ அண்ணன் மகனோ தேடுகிறார்களா? இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்புங்கள். வேலை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 780 ரிங்கிட் வாங்கினார்கள். இன்று வரை வேலை இல்லை, பணமும் திரும்பி வரவில்லை. நேற்று நேரில் போய்க் கேட்டதற்கு, "கட்டுனது கட்டுனதுதான்க்கா, கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

போலீஸில் ரிப்போர்ட் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடக்கும் வேலை ஏஜென்சி. முகநூலில் தமிழிலேயே விளம்பரம் போடுகிறார்கள். "உடனடி வேலை, பாயான் லெப்பாஸ், பெண்களுக்கு முன்னுரிமை, கம்பெனி பஸ் உண்டு" என்று இருந்தது. பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

பிறையில் நான் வேலை செய்த கம்பெனி ஒரு லைனையே மூடியதில் எங்கள் ஷிப்டில் பாதிப் பேருக்கு வேலை போனது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்தில் மனுப் போட்டு, வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பணத்திலிருந்துதான் இந்த 780 போனது. வேலை தேடுவதற்கு என்று கொடுத்த காசை, வேலை தருகிறேன் என்று சொன்னவர்களே எடுத்துக்கொண்டார்கள். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதல் நாள் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள். கவுன்டரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா இருந்தார். நெற்றியில் திருநீறு, மேசைக்குப் பின்னால் தண்ணீர்மலை முருகன் படம். உட்கார வைத்து மைலோ கொடுத்தார். ஐசியைக்கூடக் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "எந்தத் தமிழ்ப்பள்ளிம்மா படிச்சீங்க?" என்பதுதான். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள் என்று சொன்னதும், "அட, நானும் தோட்டத்துப் பொண்ணுதான். நம்ம ஜனங்களுக்கு நாமதான் செய்யணும். வேற ஆளுங்க செய்வாங்களா?" என்றார். என் பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டுக்காரர் என்ன வேலை, வாடகை எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்கிறார் என்று இருந்தது. என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடத்தான் கேட்டிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

அப்புறம் கைப்பேசியை எடுத்து, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு யாருக்கோ அழைத்தார். மறுபக்கம் ஓர் ஆண் குரல் மலாயில் பேசியது. என் பெயரை இவர் சொன்னதும், "போலே, போலே, இஸ்னின் போலே மாசுக்" என்றார் அவர். திங்கட்கிழமையே வேலைக்கு வரலாமாம். போனை வைத்துவிட்டு, "எச்.ஆரே சொல்லிட்டாரும்மா, இனி உங்க வேலை உறுதி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் யார், எந்த எச்.ஆர். என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் வேலைக்கு அலைந்தவள் காதில் அந்த வார்த்தை விழுந்தால் எப்படி இருக்கும் என்று வேலை இழந்தவர்களுக்குத் தெரியும்.

கையைப் பிடித்த அதே நிமிடத்தில்தான் பாரத்தை நீட்டினார். பதிவுக் கட்டணம் 50 ரிங்கிட். மெடிக்கல் செக்கப் 180. பாதுகாப்புப் பயிற்சி 350. சீருடைக்கும் சேஃப்டி ஷூவுக்கும் டிப்பாசிட் 200. மொத்தம் 780 ரிங்கிட். நான் தயங்கினேன். வேலையே இன்னும் ஆரம்பிக்கவில்லையே, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "இது நாங்க எடுக்குற காசு இல்லம்மா, கம்பெனி கேக்குது. முதல் சம்பளத்தோட திருப்பிக் கொடுத்துருவாங்க. இன்னிக்குக் கட்டலைன்னா உங்க இடத்துக்கு வெளியே நிக்கிற பிள்ளை போயிரும்" என்றார். வெளியே பெஞ்சில் உண்மையிலேயே இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் என்னைப் போலப் பணத்தோடு வந்தவர்கள்தான், பாவம்.

பணத்தை டூயிட்நவ் வழியாக ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். ஏஜென்சி பெயரில் கணக்கு இல்லையா என்று கேட்டேன். "அது முதலாளியோட கணக்கும்மா" என்றார். ரெசிட் கேட்டால் 50 ரிங்கிட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். மீதி 730-க்கு, "டிரான்ஸ்பர் பண்ணதே ரெசிட்தானே" என்ற பதில்.

மெடிக்கலுக்கு ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் எடுத்ததோடு சரி. இந்தப் பரிசோதனைக்கு ஏஜென்சியிடம் 60 ரிங்கிட்தான் வாங்குகிறோம் என்று பிற்பாடு அந்தக் கிளினிக்கில் வேலை செய்யும் பெண்ணே என்னிடம் சொன்னாள். பயிற்சி என்பது அதே மாடியில் ஒரு வீடியோ. பாதியில் படம் நின்றுபோய், பேசிக்கொண்டிருங்கள் என்று விட்டுவிட்டார்கள். முடிவில் கொடுத்த சான்றிதழில் எந்த அரசாங்கத் துறையின் பெயரும் இல்லை.

திங்கட்கிழமை வந்தது. காலையிலேயே, "லைன் இன்னும் ஓபன் ஆகலம்மா, அடுத்த வாரம்" என்று வாட்ஸ்அப். அடுத்த வாரம் எச்.ஆர். லீவு. அதற்கடுத்து மெடிக்கல் ரிசல்ட் வரவில்லை என்றார்கள். ரிசல்ட்டை நானே கிளினிக்கில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "கோட்டா முடிஞ்சிருச்சு, வேற கம்பெனி பாக்குறேன்" என்றார் அந்த அம்மா. அப்புறம் போன் எடுக்கவில்லை. செய்தியைப் பார்த்த நீல டிக் மட்டும் வரும், பதில் வராது. பிறகு அந்த டிக்கும் நின்றுபோனது, பிளாக் செய்துவிட்டார்.

நேரில் போனேன். கவுன்டரில் ஒரு பையன். "அந்த ஆன்ட்டி வேலைய விட்டுப் போயிட்டாங்க" என்றான். அவர் வாங்கிய பணம் எங்கே என்று கேட்டால், பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் மலாயில் இருந்தது. முதல் சம்பளத்தோடு திரும்பி வரும் என்று வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது வேறு. சுவரில் மாட்டியிருந்த ஒரு ஃபிரேமைக் காட்டி, "நாங்க லைசென்ஸ் உள்ள கம்பெனி" என்றான். உற்றுப் பார்த்தேன். அது எஸ்எஸ்எம் பதிவுச் சான்றிதழ். வியாபாரம் நடத்தப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கான தாள், அவ்வளவுதான். பலகாரக் கடைக்கும் அதே தாள்தான் கொடுப்பார்கள். ஆளுக்கு வேலை பிடித்துக் கொடுக்க அது போதாது.

அங்கிருந்து நேராக அவர்கள் சொன்ன பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கே போனேன். வாசல் காவலர் உள்ளே போன் செய்து கொடுத்தார். எச்.ஆர். பிரிவில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். அந்த ஏஜென்சியின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. "நாங்க வேலைக்கு வர்றவங்ககிட்ட ஒரு காசும் வாங்குறதில்ல. மெடிக்கலுக்கு எங்க பேனல் கிளினிக், ஷூ நாங்க கொடுக்குறோம்" என்றார். கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டேன்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் என் மாமா மகன் சொல்லித்தான் சில விஷயங்கள் தெரிந்தன. 1994-ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். அந்தச் சட்டப்படி தொழிலாளிக்குச் செய்ய வேண்டியதற்கும் கொடுக்க வேண்டியதற்கும் முதலாளி தொழிலாளியிடம் காசு கேட்கக் கூடாது. பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஊழியர்களின் பயிற்சிக்காகவே பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி லெவியாக மாதாமாதம் கட்டுகின்றன. ஆக, என்னிடம் வாங்கிய 350-உம் 200-உம் வேலையில் சேர்ந்த ஒருத்தியிடம் கேட்கவே முடியாத பணம். அதனால்தான் சேர்வதற்கு முன்பே, நான் யாருக்கும் தொழிலாளியாக இல்லாத நேரம் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். எல்லா ஏமாற்றும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எந்தச் சட்டத்தைப் பேசினாலும், "நீங்க இன்னும் ஸ்டாஃப் இல்லையேக்கா" என்று முடித்துவிடலாம்.

2020-இல் நம் நாட்டின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து வைத்தது நினைவிருக்கலாம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் அந்த நிறுவனத்து வேலைக்காக ஏஜென்ட்டுகளுக்குக் கடன் வாங்கிக் கட்டியிருந்தார்கள். கடைசியில் அந்த நிறுவனமே 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் செலவு ஆளை எடுக்கிறவனுடையது என்று உலகமே ஒப்புக்கொண்ட விஷயம் இது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1997-இலேயே 181-ஆவது ஒப்பந்தத்தில், ஏஜென்சிகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று பொது விதியாக எழுதி வைத்திருக்கிறது. பஸ் காசும் படம் எடுக்கிற காசும் போட்டோகாப்பி காசும் நான் போடுகிறேன், அது என் பாடு. அதற்கு மேல் ஏன் நான்? ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு. மெடிக்கல் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஷூ போட்டுக்கொண்டு நிற்கப் போவது அவர்களுடைய லைனில். சம்பளமே இல்லாமல் இருக்கிற ஒருத்திதான் இதற்கெல்லாம் முன்பணம் கட்ட வேண்டுமா?

"780 வெள்ளிதானே, போனால் போகட்டும்" என்று எங்கள் பிளாட்டிலேயே ஒருவர் சொன்னார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் கிட்டத்தட்டப் பாதி. என் பிள்ளைகளின் பள்ளி பஸ், டியூஷன், கரண்டு பில் எல்லாம் அதில்தான் இருந்தது. போகட்டும் என்று விட நான் தயாராக இல்லை.

போலீஸ் நிலையத்தில் முதலில், இது சிவில் விவகாரம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நகராமல் நின்ற பிறகுதான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டார்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று எழுதுவதாகத்தான் நினைத்தேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன். ஏஜென்சிக்கு எஸ்எஸ்எம் தாள் மட்டும் போதாது. 1981-ஆம் ஆண்டு தனியார் வேலை ஏஜென்சிச் சட்டம், அதாவது அக்தா 246-இன் கீழ் லைசென்ஸ் வேண்டும், ஏ, பி, சி என்று வகை இருக்கும். எண்ணைக் கேளுங்கள், லேபர் ஆபிஸில் விசாரியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தனி ஆள் கணக்குக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். அனுப்பும் முன், அது மோசடிக் கணக்கா என்று போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், தள்ளிப் போட்டால் பணம் கைமாறிவிடும். கம்பெனி பெயர் சொன்னார்கள் என்றால் அந்தக் கம்பெனிக்கே போன் செய்து கேளுங்கள், ஸ்பீக்கர் குரலை நம்பாதீர்கள். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் வேலை தேடக் காசு இல்லை. வேலை போனவர்கள் 60 நாளுக்குள் சொக்சோவில் மனுப் போட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை லேபர் ஆபிஸில் புகார் கொடுக்கப் போகிறேன். அதே மாடியில், அதே பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். டிரான்ஸ்பர் ரெசிட், வாட்ஸ்அப் பேச்சு, பாரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து போகலாம். அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் இதைப் பார்த்தால், நீங்களும் வாருங்கள் தங்கச்சி.