பழைய ஃபோர் வீலுக்கு எந்தப் புரொப்பலர் ஷாப்ட்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பழைய ஃபோர் வீல் வாகனத்தை யாரும் அழகுக்காக வைத்திருப்பதில்லை. படுவான்கரை வயல்களிலிருந்து நெல் மூடை ஏற்றவும், திருக்கோவில், பொத்துவில் பக்கத்து மணலில் படகு இழுக்கவும் பழைய ஹைலக்ஸும் மிற்சுபிஷி ஜீப்பும் லாண்ட் றோவரும் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது என்பதால், இருப்பதையே திருத்தி ஓட்டும் பழக்கம் இடைப்பட்ட காலத்தில் மேலும் உறுதியாகிவிட்டது. இத்தகைய வாகனத்தில், கியர்பொக்ஸ் பக்கத்திலிருந்து முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்த் தண்டான புரொப்பலர் ஷாப்ட் பழுதானால், ஜெனுவின் புதியது, ஜப்பானில் பாவித்துக் கழற்றியது, சைனா அல்லது இந்தியத் தயாரிப்பில் புதியது, இருக்கும் ஷாப்ட்டையே திருத்துவது என்று நான்கு வழிகள் உள்ளன.

விலை விசாரிக்க முன்னர், ஷாப்ட்டில் எது தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். முழு ஷாப்ட்டும் தேவையென்று சொல்லப்படும் பல வாகனங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, ஷாப்ட்டின் முனைகளைச் சாய்ந்த நிலையிலும் சுழல விடும் சிலுவை வடிவ மூட்டுகளான இரண்டு கிராஸ்கள் மட்டுமே. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கையும் தளர்த்திய பிறகு, கிராஸின் இருபுறமும் உள்ள கவைகளை இரண்டு கைகளாலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால், கிராஸ் ஆடுகிறதா என்பது கைக்கே தெரியும். கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பெயரிங்குகள் துருப்பிடித்துவிட்டன என்று பொருள். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீண்டு சுருங்கும், பல்லு வெட்டிய ஸ்பிளைன் பகுதியை மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் கிராஸ் மாற்றுவதால் பயன் கிடையாது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது வரும் ‘டக்’ என்ற சத்தம், அச்சின் நடுவில் சில்லுகளைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பல்லின் தேய்மானத்தாலும் வரக்கூடும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால், குழாய் வளைந்திருக்கிறதா, பாலன்ஸ் எடை கழன்று விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஜெனுவின் புதியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரத்தில் குறையிராது, ஆனால் முப்பது வயதான வாகனத்துக்கு அதைத் தேடிப் பிடிப்பதும் சிரமம், அதற்குக் கொடுக்கும் பணம் வாகனத்தின் பெறுமதிக்குப் பொருந்துவதும் இல்லை.

பாவித்த ஜப்பான் ஷாப்ட் என்றால் இங்குள்ளவர்களின் நினைவுக்கு முதலில் வருவது பாவித்த உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைதான். குழாயின் இரும்பும் ஸ்பிளைனின் வெப்பப் பதமும் தொழிற்சாலைத் தரத்தில் இருப்பதால், அளவு பொருந்திவிட்டால் எனது தெரிவுகளில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. சிக்கல் அந்த அளவில்தான் இருக்கிறது. ஒரே ஹைலக்ஸ் என்ற பெயருக்குள் குறுகியதும் நீண்டதும் உண்டு. சிலவற்றில் பின் ஷாப்ட் ஒரே துண்டாகவும், சிலவற்றில் நடுவில் சென்டர் பெயரிங் வைத்து இரண்டு துண்டாகவும் வருகிறது. ஆகவே தொலைபேசியில் மாடலைச் சொல்வது போதாது. வாகனம் சில்லுகளில் நிற்கும்போது ஷாப்ட்டை ஆணியால் பூட்டும் தட்டான பிளேஞ்ச்சின் முகத்திலிருந்து மறு பிளேஞ்ச் முகம் வரையிலான நீளம், நான்கு ஆணித் துளைகளின் மையங்களுக்கிடையே நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் உள்ள தூரம், கிராஸ் கிண்ணத்தின் விட்டம், குழாயின் வெளிவிட்டம் ஆகியவற்றை அளந்து, படத்தோடு அனுப்ப வேண்டும். வில் தகடு உயர்த்திய வாகனமாக இருந்தால் தொழிற்சாலை நீளம் ஒத்துவராது. மூடை ஏற்றிய நிலையில் ஸ்பிளைன் முட்டாமலும், வெறுமையாகக் குழியில் இறங்கும்போது கழன்று வராமலும் இருபுறமும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொதி வந்து சேர்ந்ததும், பூசியிருக்கும் கறுப்புப் பெயின்ற்றைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், பற்றவைப்பு ஓரங்களைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வெட்டி நீளம் மாற்றிய ஷாப்ட்டை அந்தப் பெயின்ற் எளிதில் மறைத்துவிடும். லேத்தில் ஏற்றி, நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் டயல் கேஜ் வைத்தால் வளைவு தெரியும். பழைய டொயோட்டா ஷாப்ட்டுகளுக்கு 0.8 மில்லிமீற்றருக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. பாவித்த ஷாப்ட்டில் இருக்கும் கிராஸை நம்பி ஓடுவது வீண். அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சைனா, இந்தியப் புதிய ஷாப்ட்டுகள் பார்வைக்கு மினுமினுப்பாக இருக்கும். அளவும் பெரும்பாலும் சரியாகவே வரும். குறை அநேகமாகக் கிராஸிலும் கிரீஸ் சீலிலும்தான் தெரியவரும். மாரியில் வயல் தண்ணீரில் இறங்கி ஏறும் வாகனத்துக்குச் சீல் பலவீனமாக இருந்தால் ஒரு பருவத்துக்குள்ளேயே ஆட்டம் தொடங்கிவிடலாம். தார் வீதியில் மட்டும் ஓடுகிறவருக்கு இதை வேண்டாமென்று சொல்லமாட்டேன். வாங்குபவர் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்பதையாவது பார்த்து வாங்கட்டும்.

திருத்துவதில் இரண்டு தரம் உண்டு. கிராஸ் மட்டும் மாற்றுவது எல்லாவற்றிலும் மலிவானது. கோயோ, ஜிஎம்பி போன்ற பெயர் பெற்ற கிராஸ்களைத் தெரிந்த கடையில் வாங்கினால், குழாயும் ஸ்பிளைன் பல்லும் நன்றாயிருக்கும் ஷாப்ட் மறுபடியும் பல ஆண்டு உழைக்கும். வேலை சிறியதென்றாலும் கவனம் வேண்டும்: கிண்ணத்தை அழுத்தும்போது உள்ளே ஓர் ஊசி சரிந்து அடியில் கிடந்தால், கிண்ணம் முழுவதும் இறங்காது, அதைப் பிடித்துவைக்கும் சேர்க்ளிப் வளையம் காடிக்குள் உட்காராது. அந்த நேரத்தில் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் மெக்கானிக்கிடம் வேலையை விடாமலிருப்பதே மேல். பூட்டி முடிந்ததும் நான்கு சீல்களிலும் கிரீஸ் வெளிவரும்வரை ஏற்ற வேண்டும்.

குழாயை மாற்றிப் பற்றவைப்பது வேறு விடயம். 4.1 விகித டிஃபரன்ஷியலும் ஏறக்குறைய 73 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயரும் கொண்ட வாகனம் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது, ஷாப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் சிறிய கோணலும் கியர்பொக்ஸ் சீலையும் பெயரிங்கையும் தின்றுவிடும். மேலும், சாய்ந்த நிலையில் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 10 பாகைச் சாய்வில் அது ஒன்றரை சதவீதம் அளவுக்கு வரும். மறுமுனைக் கிராஸ் அதைச் சமன்செய்ய வேண்டுமானால், ஷாப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அதிர்வு வரும் என்பதால், கழற்ற முன்னரே இரு பக்கத்திலும் கோடு போட்டு வைப்பது வழக்கம். சுழற்றிப் பாலன்ஸ் பார்க்கும் இயந்திரம் எல்லா லேத் பட்டறைகளிலும் இல்லை. அது இல்லாத இடத்தில் பின் ஷாப்ட்டுக்குக் குழாய் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மெதுவாக மட்டுமே வேலை செய்யும் முன் ஷாப்ட்டுக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம்.

பாகம் வந்து சேரும்வரை வாகனத்தை ஓட்டலாமா என்பதும் தெரிவைப் பாதிக்கிறது. தேவையானபோது மட்டும் ஃபோர் வீல் போடும் வாகனத்தில் முன் ஷாப்ட் கெட்டால், அதைக் கழற்றிவிட்டுப் பின் சில்லில் ஓடலாம். அவசரம் இல்லாததால் நல்ல பாவித்த ஷாப்ட்டுக்குப் பொறுத்திருக்க முடியும். பின் ஷாப்ட்டைக் கழற்றி முன் சில்லால் இழுப்பது மணலிலோ சேற்றிலோ சிறிது தூரத்துக்குச் சரி, தார் வீதிக்கும் பாரத்துக்கும் ஆகாது. பழைய லாண்ட் றோவரில் ஹான்ட் பிரேக் பிடிப்பது சில்லுகளில் அல்ல, முன், பின் ஷாப்ட்டுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்புற வெளிமுனையில். எனவே பின் ஷாப்ட் கழன்றால் ஹான்ட் பிரேக் பின் சில்லுகளைப் பிடிக்காது, சரிவில் நிறுத்தும்போது கட்டை வைக்காமல் இறங்கக் கூடாது.

ஆகவே ஸ்பிளைன் நன்றாயிருந்தால் நல்ல கிராஸ். ஸ்பிளைன் போயிருந்தால் அளந்து எடுத்த ஜப்பான் பாவித்தது. அதுவும் கிடைக்காமல் அறுவடை தலைக்குமேல் நிற்கும்போது மட்டும் சைனாப் புதியது என்பதே எனது வரிசை. பஞ்சிகாவத்தையில் பணம் அனுப்ப முன்னர், அளவு பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா, எடுத்தால் பஸ்ஸில் போய்வரும் பொதிச் செலவு யாருடையது என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.