காரில்லாமல் வேல்ஸ் கடற்கரை: நான்கு ஆண்டுகளில் ஐந்து பயணங்கள்

பர்மிங்காமில் வசிக்கும் மகன் வீட்டுக்கு ஆண்டுதோறும் வந்து சில வாரங்கள் தங்கும் நானும் என் மனைவியும் 2022 முதல் 2025 வரை ஐந்து முறை வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரைக்குச் சென்று வந்திருக்கிறோம். ஒருமுறைகூட ஐந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கவில்லை. மூன்றாவது பயணம் பத்து நாட்கள் நீண்டது. எங்கள் இருவரிடமும் அந்நாட்டில் வண்டி ஓட்டும் உரிமம் இல்லாததால் ரயிலையும் பேருந்தையும் எங்கள் கால்களையும் மட்டுமே நம்பினோம். காரில்லாமல் அந்தக் கரையைப் பார்க்க முடியுமா என்று நண்பர்கள் பலர் கேட்டதாலேயே இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் பார்க்க விரும்பும் ஊர்களின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும், ஒரே ஊரில் தங்கி அங்கிருந்து போய்வரவும் மனம் இருந்தால்தான் முடியும்.

முதலில் வரைபடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வேல்ஸின் ரயில் பாதைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மேற்குக் கரையில் வடக்கையும் தெற்கையும் நேராக இணைக்கும் பாதை இன்று இல்லை. மேற்குக் கரையின் நடுப்பகுதியிலுள்ள அபெரிஸ்ட்வித் நகரிலிருந்து தெற்கே கார்மார்தனுக்குப் போன ரயில் 1965இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. வடக்கே ஆஃபன் வென்னிலிருந்து பேங்கருக்குச் சென்ற பாதையும் அதற்கு ஓராண்டு முன்பே நின்றுபோனது. ஆகவே தெற்குக் கரையிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு ரயிலிலேயே போக விரும்புபவர் இங்கிலாந்து எல்லைக்குள் நுழைந்து ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை நீண்டதூரப் பேருந்துகளே நிரப்புகின்றன. முதல் பயணத்தில் இதை அறியாமல் ஒரே வாரத்தில் வடக்கையும் தெற்கையும் பார்த்துவிடத் திட்டமிட்டோம். அந்த வாரத்தின் இரண்டு முழு நாட்கள் இருக்கைகளிலேயே கழிந்தன.

அதன் பிறகு, ஷ்ரூஸ்பரியிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்லும் கேம்ப்ரியன் ரயில் பாதையே எங்களுக்கு முதன்மையாகிவிட்டது. பர்மிங்காமிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு மாறாமல் போகும் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எல்லையைக் கடந்ததும் வரும் வெல்ஷ்பூல் நிலையத்தில் தமிழர்கள் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்கலாம். அங்குள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரமும் அவருடைய அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலைகளுள் ஒன்றும் இருக்கின்றன. 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது அக்கோட்டை. மலையும் மழையும் ஆடுகளுமாக இருக்கும் ஓர் எல்லைப்புறச் சிற்றூரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பொருள்களைக் கண்டபோது எங்களால் நெடுநேரம் பேச முடியவில்லை.

மஹன்லெத் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கும் மறுபாதி கரையோரமாக வடக்கே புல்ஹெலிக்கும் செல்கிறது. எந்தப் பெட்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. தவறான பாதியில் இருந்துவிட்டால் அடுத்த நிலையமான டவி ஜங்ஷனில் மாறலாம் என்றாலும், அது சதுப்பு நிலத்தின் நடுவே, கார் செல்லும் சாலை எதுவும் எட்டாத இடத்தில் நிற்கும் வெறும் நடைமேடைதான். கரையோரப் பாதையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில் என்பதால், காற்றடிக்கும் நாளில் அங்கே காத்திருப்பது கடினம்.

டவி ஜங்ஷனுக்கு அப்பால் தொடங்கும் கரையோரப் பாதைக்காகவே வேல்ஸுக்குப் போகலாம் என்று சொல்வேன். கழிமுகத்தின் ஓரமாக, அலை தெறிக்கும் உயரத்தில் ஓடத் தொடங்கும் ரயில், ஃப்ரியோக் என்னுமிடத்தில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஏறி, பிறகு மௌதாக் ஆற்றின் கழிமுகத்தை 1867இல் திறக்கப்பட்ட நீண்ட மரப்பாலத்தின் மீது மெல்லக் கடந்து பார்மத்துக்குள் நுழைகிறது. வழியில் உள்ள பல நிலையங்களில் கேட்டால் மட்டுமே ரயில் நிற்கும். இறங்க வேண்டுமானால் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏற வேண்டுமானால் நம்மூர்ச் சிற்றூர்களில் பேருந்தை நிறுத்துவதுபோல, ஓட்டுநருக்குத் தெரியும்படி நடைமேடையில் நின்று கையை நீட்ட வேண்டும். முதல் முறை என் மனைவி கையை நீட்ட, அத்தனை பெரிய வண்டி எங்கள் இருவருக்காக மட்டும் வேகம் குறைத்து நின்றதை அவள் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறாள்.

ஐந்து பயணங்களில் மூன்று முறை பார்மத்தில் தங்கினோம். ரயில் நிலையம், கடற்கரை, மளிகைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கும் பத்து நிமிட நடைக்குள் இருப்பதே முதல் காரணம். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் தினாஸ் ஓலை என்ற குன்றுச்சரிவு இரண்டாவது காரணம். இங்கிலாந்து, வேல்ஸ் எங்கும் பழம்பெரும் இடங்களையும் கடற்கரைகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1895இல் தொடங்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த முதல் நிலம் இந்தச் சரிவுதான். ஃபானி டால்பட் என்ற பெண்மணி கொடையாக அளித்த நாலரை ஏக்கர் அது. வீடுகளுக்கு இடையே செல்லும் படிகளில் ஏறி இருபது நிமிடத்தில் மேலே போய்விடலாம். மாலையில் அங்கே அமர்ந்து, கழிமுகத்தில் நீர் வடிந்து மணல்திட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுவதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும்.

பார்மத்திலிருந்து பாலத்தின் மீதே நடந்து அக்கரையை அடைந்தால், 1965இல் மூடப்பட்ட மற்றொரு ரயில் பாதையின் தடம் டொல்கெத்லை ஊர் வரை நடைபாதையாகத் தொடர்கிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர்; ஏற்ற இறக்கமே இல்லாததால் மூட்டு வலி உள்ளவர்களும் பாதித் தூரமாவது போகலாம். வடக்கே ரயிலில் சென்றால் ஹார்லெக் கோட்டை. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1282க்குப் பிறகு கட்டிய கோட்டைகளுள் ஒன்றான அது 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முற்றுகைக் காலத்தில் கப்பலில் உணவு கொண்டுவருவதற்காகக் கடல் வரை அமைத்த படிவழி இன்றும் இருக்கிறது. ஆனால் கடல்தான் பின்வாங்கிவிட்டது. இப்போது கோட்டைக்கும் அலைக்கும் இடையே ரயில் பாதையும் வீடுகளும் மணல்மேடுகளும் இருக்கின்றன. நிலையத்திலிருந்து மேலூருக்கு ஏறும் தெரு மிகவும் செங்குத்தானது என்பதைப் பெரியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அபெரிஸ்ட்வித்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பல்கலைக்கழகமும் தேசிய நூலகமும் உள்ள அந்நகரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எங்களுக்கு அது தெற்கே போகும் பேருந்துகள் புறப்படும் இடமாகவே பயன்பட்டது. அங்கிருந்து டி1 பேருந்து அபெராய்ரன் வழியாகக் கார்மார்தனுக்கும், டி5 பேருந்து கரையை ஒட்டிக் கார்டிகனுக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. டி1 வழித்தடத்தில் 2023 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. பழைய வண்டிகளின் அதிர்வோடு ஒப்பிட்டால் அந்த அமைதி பெரிய ஆறுதல். 1807இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாகத் திட்டமிட்டு எழுப்பிய துறைமுக ஊரான அபெராய்ரனில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வண்ணத்தில் இருக்கும். அதற்காகவே ஒரு பகல் பொழுதை ஒதுக்கலாம்.

கார்டிகனில் தங்கிய பயணமே எங்களுக்கு நடைப்பயணத்தைக் கற்றுக்கொடுத்தது. அருகிலுள்ள செயின்ட் டோக்மெல்ஸிலிருந்து தொடங்கும் பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைப் பாதை 1970இல் திறக்கப்பட்டது. நீளம் 299 கிலோமீட்டர். அது 2012 மே மாதத்தில் முழுமை பெற்ற வேல்ஸ் கடற்கரைப் பாதையின் ஒரு பகுதி; அந்தப் பெரும் பாதை 1,400 கிலோமீட்டர் நீண்டு நாட்டின் கரை முழுவதையும் சுற்றுகிறது. இந்தப் பாறைமுகட்டுச் சிற்றூர்களை இணைப்பதற்கென்றே சிறிய கடற்கரைப் பேருந்துகள் ஓடுகின்றன. கார்டிகனுக்கும் ஃபிஷ்கார்டுக்கும் இடையே ஓடுவதற்குப் பாப்பிட் ராக்கெட் என்று பெயர். நிறுத்தமே இல்லாத இடத்திலும், வண்டியை நிறுத்துவது பாதுகாப்பானது என்று ஓட்டுநர் கருதினால், கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். கோடையில் வரும் அளவுக்கு மற்ற மாதங்களில் வருவதில்லை என்பதால் அந்தப் பருவத்துக்குரிய அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இங்கே நாங்கள் கண்டுகொண்ட ஒரு முறை இருக்கிறது: முதலில் பேருந்து, பிறகு நடை. காலை வண்டியில் தொலைவான முனைக்குப் போய் இறங்கி, தங்கியிருக்கும் ஊரை நோக்கி நடந்து திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் கடைசிப் பேருந்து பற்றிய கவலையே இல்லை. ஓரிடத்தில் நீர்நாய் தலை நீட்டுகிறது என்றாலும், மழைக்கு ஒரு பாறை நிழலில் ஒதுங்க வேண்டும் என்றாலும் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கலாம். இதை மாற்றிச் செய்த ஒரு நாளில் பட்ட துன்பத்தை மறக்க முடியாது. அது வேறொரு பகுதியில், இரண்டாவது பயணத்தின்போது நடந்தது. முழு நாளும் நடந்து களைத்து, அன்றைய கடைசி வண்டிக்காகக் காத்திருந்தோம், அது வரவேயில்லை. அந்தப் பள்ளத்தில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கவில்லை, நிறுத்தத்தில் எந்த அறிவிப்பும் ஒட்டப்படவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பண்ணை வீடொன்றின் கதவைத் தட்டினோம். அங்கிருந்த பெண்மணி தேநீர் கொடுத்து, தம் வண்டியிலேயே எங்களை விடுதி வரை கொண்டுவந்து விட்டார். அவருடைய அன்பு பெரிது. ஆனால் அறுபதைக் கடந்தவர்களை இருட்டும் வேளையில் முன்னறிவிப்பின்றிச் சாலையோரத்தில் நிற்க விடும் சேவையை நல்ல சேவை என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல வழித்தடங்களில் வண்டியே இல்லை என்பதும் பெரிய குறை. நாங்கள் ஞாயிறுகளை ஊருக்குள்ளேயே கழிக்கப் பழகிக்கொண்டோம்.

சில பகுதிகளில் வழக்கமான பேருந்துகளுக்கு மாற்றாகவோ துணையாகவோ ஃப்ளெக்ஸி என்ற சேவை 2020 முதல் நடைமுறையில் உள்ளது. செயலியிலோ தொலைபேசியிலோ முன்பதிவு செய்தால் சிறு பேருந்து நமக்கு அருகில் வந்து அழைத்துச் செல்லும். நாங்கள் நான்கு முறை பயன்படுத்தினோம். முந்தைய நாளே பதிவு செய்தபோது எளிதாகக் கிடைத்தது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி வேல்ஸ் மக்களில் 17.8 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுகின்றனர்; வடமேற்கில் அதுவே தெருமொழி. நிலைய அறிவிப்பும் சாலைப் பலகையும் இரு மொழிகளிலும் இருக்கும். இதனால் வரும் குழப்பம் உண்மையானது. ஃபிஷ்கார்டுக்கு வெல்ஷில் அபெர்க்வைன், கார்டிகனுக்கு அபெர்டைவி, ஹேவர்ஃபோர்ட்வெஸ்டுக்கு ஹுல்ஃபோர்த் என்று பெயர். பேருந்தின் நெற்றியில் வெல்ஷ் பெயர் ஓடும் நொடியில் நம் வண்டி அதுதான் என்று தெரியாமல் விட்டுவிடலாம். போகும் ஊர்களின் இரண்டு பெயர்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். சில நாட்களில் பெயர்களே பேசத் தொடங்கிவிட்டன. ‘அபெர்’ என்றால் ஆறு கடலில் புகும் இடம். நம் முன்னோர் அதையே புகார் என்றார்கள். ‘போர்த்’ என்றால் துறை, ‘பென்’ என்றால் தலை அல்லது முனை. பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, ஓட்டுநரிடம் ‘தியோல்ஹ்’ என்று நன்றி சொல்லி இறங்குகிறார்கள். நாங்களும் சொன்னோம். ஓட்டுநர்களின் முகத்தில் அது கொண்டுவந்த மலர்ச்சி, தன் மொழியை அயலார் ஒரு சொல்லளவேனும் எடுத்துக்கொள்ளும்போது நமக்கு வருவதேதான்.

பேருந்து அட்டவணையோடு, கடல் நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையும் கையில் இருக்க வேண்டும். கடலோர ஊர்க் கடைகளில் சிறு புத்தகமாகக் கிடைக்கிறது. அதில் நேரம் கிரீன்விச் கணக்கில் அச்சிடப்பட்டிருந்தால் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லியே அறிந்தோம். நீர் வற்றும்போது நடந்து போன குகைவாயிலும் மணல்வளைவும் ஏற்றத்தின்போது வழியற்றுப் போய்விடும். ஓதம் மிகவும் தாழ்ந்த ஒரு காலையில், அபெரிஸ்ட்வித்துக்கு வடக்கே உள்ள போர்த் என்ற ஊரின் கடற்கரையில் மூழ்கிய காட்டைப் பார்த்தோம். ஓக், பைன் மரங்களின் அடிக்கட்டைகள், வேர்கள் கிளைத்தபடியே, ஈர மணலில் கறுத்து நிற்கின்றன. அவற்றின் வயது 4,500 ஆண்டுகளுக்கும் மேல். கடல் கொண்டுபோன காண்ட்ரெர் குவைலோத் என்ற நாட்டைப் பற்றி அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை அங்கே நின்று கேட்டபோது, கடல்கொண்ட பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் பாடிய மொழிக்காரர்களாகிய எங்களுக்கு அது அயல் கதையாகத் தோன்றவில்லை.

நான்காண்டுகளில் மாறியவை சில. 2023 இலையுதிர் காலத்தில் பார்மத் பாலத்தின் பழைய இரும்புப் பகுதியை மாற்றுவதற்காக ரயில்களை நிறுத்தி மாற்றுப் பேருந்துகளை விட்டார்கள். இன்று ரயில் வழக்கம்போல் ஓடுகிறது. இத்தகைய நீண்ட பணிகள் அக்காலத்தில்தான் நடக்கின்றன என்பதால் செப்டம்பர், அக்டோபரில் போவோர் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். எங்களுக்குப் பிடித்த மாதங்கள் மே இறுதியும் ஜூனும்.

அடுத்த முறை புல்ஹெலி வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் லீன் தீபகற்பத்தின் நுனியிலுள்ள அபெர்டரோனில் நான்கு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். போய் இறங்கும் நாள் ஞாயிறாக இல்லாதபடி பார்த்தே அறையைப் பதிவு செய்திருக்கிறேன்.