பெரியம்மான்ர பழைய பிளேயருக்கு எது சரி: ஒழுங்கான டிவிடியா, டிவ்எக்ஸ் டிஸ்க்கா, பென்ட்ரைவா?

தங்கச்சியின்ர கலியாணம் முடிஞ்சு ரெண்டு கிழமையில வீடியோக்காரர் ஒரு பென்ட்ரைவைக் கொண்டுவந்து தந்திட்டுப் போனார், உள்ளுக்க மூண்டு மணித்தியால எம்பி4, நல்ல வடிவான 1080 படம். வீட்டு ரீவியில செருகினோம், ஓடிச்சுது, பாத்தோம், எங்கட பாட்டுக்கு அந்தக் கதை முடிஞ்சுது. ஆனா புங்குடுதீவில இருக்கிற பெரியம்மா முழங்கால் ஏலாமல் கலியாணத்துக்கு வரேல்ல. அவ வீட்டில இருக்கிறது இன்னும் அந்தப் பெட்டி ரீவியும், லண்டனில இருந்து ஆரோ வரேக்க கொண்டுவந்து குடுத்த பிளேயரும்தான். கோல் எடுத்து "மோனை, எனக்கு ஒரு கொப்பி அடிச்சுத் தாவன், ஆறுதலா இருந்து பாப்பம்" எண்டா. ஒரு பின்னேர வேலை எண்டுதான் நினைச்சன், ஒரு மாதம் போச்சு.

முதல்ல ரவுனில ஒரு கடையில குடுத்துப் பாத்தன். அவங்கள் அந்த எம்பி4 ஃபைலை அப்பிடியே டிஸ்க்கில கொப்பி பண்ணித் தந்திட்டாங்கள். கொம்பியூட்டரில ஓடும், பழைய பிளேயருக்கு அது வெறும் குப்பை. சரி நானே செய்வமெண்டு இறங்கினன். மூண்டு வழியையும் செய்து பாத்திட்டுத்தான் எழுதுறன், இப்பவே சொல்லிப்போடுறன், நான் ஒழுங்கான டிவிடியின்ர, அதாவது கடையில விக்கிற பட டிவிடி மாதிரிக் கட்டுற டிஸ்க்கின்ர பக்கம்.

பென்ட்ரைவைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. வீட்டில யூஎஸ்பி இருக்கிற எல்ஈடி ரீவி எண்டால் டிஸ்க்கே வேண்டாம், எம்பி4ஐப் போட்டுக் குடுங்கோ, முடிஞ்சுது. ஆனா பழைய டிவிடி பிளேயரில முன்னுக்கு ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கெண்டதை நம்பி ஏமாறாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற சிப்புக்கு எச்.264, அதாவது அந்த எம்பி4ஐச் சுருக்கின முறை, தெரியாட்டில் ஓட்டை இருந்தும் பிரயோசனமில்லை, அதோட பென்ட்ரைவ் ஃபேட்32 எண்ட முறையில ஃபோர்மற் பண்ணி இருக்கோணும், அதில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகேலாது. பெரியம்மான்ர பிளேயரில அந்த ஓட்டையும் இல்லை.

அடுத்தது டிவ்எக்ஸ், படத்தை நல்லாச் சுருக்கி ஃபைலா வைக்கிற ஒரு முறை. பிளேயரின்ர முகப்பில டிவ்எக்ஸ் எண்டு ஒரு சின்ன ஸ்ரிக்கர் இருந்துது, அதைக் கண்டதும் எனக்கு ஆசை வந்திட்டுது. ஏனெண்டால் கணக்குப் பாருங்கோ, மூண்டு மணித்தியாலமும் ஒரே டிஸ்க்கில கொள்ளும், அதே இடத்துக்குள்ள டிவிடி பாவிக்கிற எம்பெக்-2 எண்ட சுருக்கல் முறையை விடப் படம் கிளியர், மெனு கட்டுற மினக்கேடு இல்லை, அவிடெமக்ஸ் எண்ட புரோக்ராமில எக்ஸ்விட் (அதுவும் டிவ்எக்ஸ் இனந்தான்) ஏவிஐ ஃபைலாக்கி டேட்டா டிஸ்க்கா ரைட் பண்ணினால் சரி. அகலம் 720க்குள்ள, சத்தம் எம்பி3. பக்கத்து வீட்டு அண்ணையின்ர பழைய பிளேயரில போட்டுப் பாத்தன், தண்ணி மாதிரி ஓடிச்சுது. அடுத்த நாள் குறிகட்டுவான் பஸ்ஸில ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டிப் போய் இறங்கி, பெரியம்மான்ர பிளேயரில போட்டால் ஆக்கள் அசையாமல் நிண்டால் படம் இருக்குது, ஆராவது கையைத் தூக்கினால் கை கட்டம் கட்டமா உடையுது. சத்தம் மட்டும் சோக்கா வருது. பெரியம்மா பாவம், கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாக்கிறா.

வீட்ட வந்து நோண்டிப் பாத்தால் கியூபெல் எண்டு ஒரு செற்றிங், இன்னும் கொஞ்சம் வடிவா வருமெண்டு நான்தான் அதை ஓன் பண்ணி விட்டிருக்கிறன். உதுவும் ஜிஎம்சி எண்டதும் கனக்கப் பிளேயருக்கு ஒத்துவராது, அண்ணையின்ர பிளேயருக்கு வந்துது, பெரியம்மான்ரக்கு வரேல்ல. பாக்ட் பிட்ஸ்ட்ரீம் எண்டு இன்னொரு சனியனும் இருக்கு, அது இருந்தால் சில பிளேயரில படம் விக்கி விக்கி ஓடும். எல்லாத்தையும் நிப்பாட்டி, துண்டு துண்டா 14 ஃபைலாக்கித் திரும்பப் போனன். இந்த முறை படம் ஓடிச்சுது, ஆனா ஃபைலுகளுக்கு நான் வலு சந்தோசமாத் தமிழில பேர் வைச்சிருந்தன், பிளேயரில 14 வரி கட்டம் கட்டமாத் தெரியுது, பொன்னுருக்கல் எது அறுகரிசி போட்டது எது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என்ர முடிவுக்குக் காரணம் படத்தின்ர கிளியரோ செலவோ இல்லை, பிழை எங்க வைச்சுத் தெரியவருது எண்டதுதான். டிவ்எக்ஸில ஒவ்வொரு பிளேயரும் தன்ர எண்ணத்துக்கு ஒண்டை ஏற்கும் ஒண்டை விடும், உங்கட மேசையில ஓடினது அங்க ஓடுமெண்டு ஒருத்தரும் சொல்லேலாது, போய்ப் போட்டுப் பாத்தால்தான் தெரியும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பஸ் பயணம். டிவிடிக்கு அப்பிடி இல்லை, அதுக்குச் சட்டம் ஒண்டுதான். எம்பெக்-2 படம், எங்கட நாட்டுக்கு பால் (PAL) எண்ட ரீவி முறை, அதாவது 720க்கு 576, செக்கனுக்கு 25 ஃபிரேம், சத்தம் ஏசி3யோ எம்பி2வோ 48 கிலோஹேர்ட்ஸில, படத்தின்ர பிட்ரேட், அதாவது செக்கனுக்கு ஓடுற தரவின்ர அளவு, 9.8 மெகாபிட்டுக்கு மேல போகக்கூடாது. இந்தச் சட்டத்துக்குள்ள நிண்டால், டிஸ்க்கை வாசிக்க ஏலுமெண்டால், டிவிடி எண்டு பேர் வைச்சு எங்கட பக்கம் வித்த பிளேயர் அதை ஓடித்தான் ஆகோணும். எனக்கு டிவிடியிலயும் பிழை வந்துது, டிவ்எக்ஸை விடக் கூடவே வந்துது. ஆனா ஒண்டைத் தவிர எல்லாம் கொக்குவிலில எங்கட வீட்டுக்குள்ளயே பிடிபட்டுது.

முதல் பிழை, ஹேண்ட்பிரேக்கை டிவிடி செய்யிற புரோக்ராம் எண்டு நினைச்சது. அது டிவிடியை ஃபைலாக்கிற ஆள், ஃபைலை டிவிடியாக்கிற ஆளில்லை. டிவிடி கட்ட நான் பாவிச்சது டிவிடிஸ்டைலர், சும்மா கிடைக்கிறது, பால் எண்டும் 16:9 எண்டும் தெரிவு செய்து விட்டால் மெனு, அத்தியாயம் எல்லாம் போட்டு ஐஎஸ்ஓ ஒண்டு, அதாவது முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா, எடுத்துத் தரும்.

ரெண்டாவது, விண்டோஸில வெறும் டிஸ்க்கைப் போட்டவுடன எப்பிடிப் பாவிக்கப் போறீர் எண்டு ஒரு பெட்டி வந்து கேக்கும், யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் மாதிரியோ, சீடி டிவிடி பிளேயரோடயோ எண்டு. நான் கவனிக்காமல் முதலாவதை அமத்தி, டிவிடிப் படம் இருக்கிற வீடியோ ரிஎஸ் ஃபோல்டரை இழுத்துப் போட்டிட்டன். கொம்பியூட்டரில ஓடுது, அண்ணையின்ர பிளேயரில "நோ டிஸ்க்". அதுக்குப் பிறகு இம்ஜ்பேர்ன் எண்ட டிஸ்க் அடிக்கிற புரோக்ராமில ஐஎஸ்ஓவை நேரா ரைட் பண்ணத் தொடங்கினன், அதோட அந்தக் கரைச்சல் விட்டுது.

இடையில ஒண்டு சொல்லோணும், கொம்பியூட்டரில படம் பாக்கிற வீஎல்சியில ஓடுது எண்டு சந்தோசப்படாதேங்கோ. வீஎல்சி எதைக் குடுத்தாலும் ஓடும், அதில ஓடினதால டிஸ்க் சரியெண்டு அர்த்தமில்லை. எங்கையாவது ஒரு பழைய பிளேயரை இரவல் வாங்கி அதில ரெஸ்ற் பண்ணுங்கோ. அதுக்கு டிவிடி-ஆர்டபிள்யூ ஒண்டு வைச்சிருந்தால் அழிச்சு அழிச்சுப் பாவிக்கலாம், ஆனா சில பழைய பிளேயருக்கு ஆர்டபிள்யூவை வாசிக்கிறது கஷ்டம், அதில ஓடேல்ல எண்டவுடன பயப்பிடத் தேவையில்லை.

பெரிய தலையிடி தாலி கட்டில வந்துது. வீடியோக்காரரின்ர கமராவுக்கு முன்னால சொந்தக்காரர் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு நிண்டதில, அந்த இடத்தில முதுகுகள்தான் விழுந்திருக்கு. நல்ல கோணத்தில எடுத்தது தம்பியின்ர போன், கிட்டத்தட்ட 20 நிமிஷ ஒரே கிளிப். அதை நடுவில சேத்து டிவிடி கட்டி ஓட விட்டால் தொடக்கத்தில ஐயர் மந்திரம் சொல்லுறதும் வாயும் சரியாப் பொருந்துது, போகப் போக விலகுது, கடைசியில கெட்டிமேளம் அடிச்சு ஓய்ஞ்சு ரெண்டு செக்கனுக்குப் பிறகுதான் மாப்பிள்ளையின்ர கை தாலியோட கழுத்துக்குப் போகுது. எங்கட அம்மா பாத்திட்டு "மேளகாரருக்கு அவ்வளவு அவசரமோ" எண்டா.

இது ஏன் எண்டு விளங்க எனக்கு மூண்டு நாள் எடுத்துது. போன் வீடியோவில ஃபிரேம் ஒரு சீரா வாறேல்ல. 30 எண்டு போட்டிருந்தாலும் மண்டபத்துக்குள்ள வெளிச்சம் குறைஞ்சால் போன் தன்ர பாட்டுக்குக் குறைக்கும், பேந்து கூட்டும். சத்தம் மட்டும் ஒரே வேகத்தில பதியும். பால் டிவிடிக்கு எப்பவும் சரியா 25 வேணும், மாத்திற புரோக்ராம் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்காமல் எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளி எண்டு எடுத்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமா விலகித்தான் போகும். உங்கட ஃபைல் இப்பிடியோ எண்டு பாக்க மீடியாஇன்ஃபோ எண்ட, ஃபைலின்ர விபரம் காட்டுற புரோக்ராமில திறந்து ஃபிரேம்ரேட் மோட் எண்ட வரியைப் பாருங்கோ, வேரியபிள் எண்டிருந்தால் அதுதான் வருத்தம். மருந்து என்னெண்டால் டிவிடிஸ்டைலருக்குள்ள நேர போடாமல் முதல்ல ஹேண்ட்பிரேக்கில 25, கொன்ஸ்டன்ட் எண்டு தெரிஞ்சு, சத்தத்தை 48க்கு மாத்தி ஒருக்கா ஓடவிட்டு, அந்தப் புது ஃபைலைக் கொண்டுபோய் டிவிடி கட்டுறது. இப்ப மேளமும் தாலியும் ஒண்டா விழுகுது. கட்டளை எழுதுற பழக்கம் உள்ளாக்கள் எஃப்எஃப்எம்பெக் எண்ட வீடியோ மாத்திற புரோக்ராமில டார்கெட் பால்-டிவிடி எண்டு ஒரு சொல்லோட இந்த அளவுகளை எல்லாம் போடலாம், ஆனா அதில வாறது எம்பெக் ஃபைல் மட்டும், மெனு கட்டவும் ஐஎஸ்ஓ எடுக்கவும் திரும்ப டிவிடிஸ்டைலருக்குத்தான் வரோணும்.

சத்தம் தொடக்கத்தில இருந்தே ஒரே அளவாப் பிந்தினால் அது வேற பிரச்சினை, சத்தத்தை அத்தனை மில்லிசெக்கன் முன்னுக்கு இழுத்து வைச்சால் போதும். போகப் போகக் கூடினால் மட்டும்தான் நான் மேல சொன்ன வைத்தியம். நான் ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் ஒரு நாளை வீணாக்கினன்.

இடக் கணக்கு. 4.7 ஜிபி டிஸ்க் எண்டு விக்கிறதை விண்டோஸ் 4.37 எண்டு காட்டும், டிஸ்க்கில பழுதில்லை, எண்ணுற முறை வேற. மூண்டு மணித்தியாலத்தையும் ஒண்டுக்க அமத்தினால் சத்தத்தோட சேத்துச் செக்கனுக்கு ஏறக்குறைய 3.4 மெகாபிட்தான் வரும், எம்பெக்-2க்கு அது காணாது, காஞ்சிபுரச் சேலையின்ர கரை எல்லாம் கரைஞ்சு போகுது. ரெண்டா உடைச்சன், பொன்னுருக்கல், கன்னிக்கால், பலகாரம் எல்லாம் முதலாவதில, முகூர்த்தத்தில இருந்து மற்றதில, ஒவ்வொண்டும் ஒண்டரை மணித்தியாலம், 6 மெகாபிட். டிவ்எக்ஸ் இந்த இடத்தில வெண்டிட்டுது எண்டதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். பெட்டி ரீவி ஓரத்தை விழுங்கும், அடியில எழுத்துப் போட்டிருந்தால் கொஞ்சம் உள்ளுக்க தள்ளி வையுங்கோ, எங்கட வீடியோவில திகதியின்ர கீழ்ப்பாதியைக் காணேல்ல.

அங்க போய்த்தான் தெரிஞ்ச அந்த ஒரு பிழை, எல்லாற்ற முகமும் பனை மாதிரி நீண்டு நிண்டது. டிஸ்க் 16:9, ரீவி 4:3, பிளேயரின்ர செற்றிங்கில ரீவி அகல ரீவி எண்டு ஆரோ போட்டு விட்டிருக்கினம். 4:3 லெட்டர்பொக்ஸ் எண்டு மாத்த மேலையும் கீழையும் கறுப்புப் பட்டை விழுந்து முகம் சரியா வந்துது. போனிலயே சொல்லிச் செய்விச்சிருக்கலாம்.

கனடாவில இருக்கிற மாமாவும் ஒரு கொப்பி கேட்டார். அங்கத்தைய சிஸ்டம் என்ரிஎஸ்சி, 720க்கு 480, செக்கனுக்கு 29.97. எங்கட பக்கத்துப் பிளேயர் பலது என்ரிஎஸ்சியையும் ஓடும், அங்கத்தையப் பிளேயர் பலது பாலை ஓடாது, அதால அவருக்கு வேறயா என்ரிஎஸ்சியில கட்டி அனுப்பினன். போன் கிளிப் 30க்குக் கிட்ட எண்டபடியா அதில அசைவு இன்னும் வடிவா இருந்த மாதிரி எனக்குப் பட்டுது, ஆனா நான் பாத்தது அண்ணையின்ர ஒரு பிளேயரில மட்டும். ரீஜன் கோட், அதாவது டிஸ்க் எந்த நாட்டுப் பக்கம் ஓடலாமெண்ட பூட்டு, எண்டு பயப்பிடத் தேவையில்லை, நாங்கள் வீட்டில கட்டுற டிஸ்க்குக்கு அது எல்லா இடத்துக்கும் திறந்துதான் இருக்கும், பால் என்ரிஎஸ்சி எண்டது வேற சாமான்.

டிஸ்க் டிவிடி-ஆர் வாங்கினன், பழைய பிளேயருக்கு அதுதான் நல்லமெண்டு சொல்லுவினம், டிவிடி பிளஸ் ஆர் எண்ட மற்ற இனத்தோட நான் சரிக்குச் சரி வைச்சுப் பாக்கேல்ல. 16 எக்ஸ் எண்டு மட்டையில இருந்தாலும் 4 எக்ஸில ரைட் பண்ணி, முடிய வெரிஃபை பண்ணினன். இப்பிடி அடிச்சதில ஒண்டும் பழுதாகேல்ல.

பெரியம்மா அந்த ரெண்டு டிஸ்க்கையும் அயலட்டையில நாலு வீட்டுக்குக் குடுத்து வாங்கியிருக்கிறா, நாலு வீட்டிலயும் நாலு விதமான பிளேயர், ஒரு இடத்திலயும் ஓடேல்ல எண்டு கதை வரேல்ல. டிவ்எக்ஸ் டிஸ்க்கைக் குடுத்திருந்தால் எனக்கு நாலு கோல் வந்திருக்கும். கடைசி வீட்டில இருந்து ரெண்டாவது டிஸ்க் வரேக்க நடுவில ஒரு நீட்டுக் கீறலோட வந்ததாம், அறுகரிசி போடுற இடத்தில நிக்குதாம். ஐஎஸ்ஓ அழிக்காமல் வைச்சிருக்கிறன், கால் மணித்தியால வேலை, ஞாயிற்றுக்கிழமை அங்கால போற ஆக்களிட்டக் குடுத்துவிடுவம்.