உதிரிபாகம் வராத ரைஃபிள்களுக்குச் சென்னையில் ஒரு பழுதுபார்ப்புக் கடை

அண்ணா சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், ஆயுத விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் உரிமம் பெற்ற பழைய கடை ஒன்று இருக்கிறது. பிறருடைய துப்பாக்கிகள் அங்கே பாதுகாப்பில் வைக்கப்பட்டிருப்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அது நியாயமான வேண்டுகோள். உரிமம் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் விசாரித்தாலே கடையை அடையாளம் கண்டுவிடலாம். வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரும் வழி அநேகமாக அடைபட்டுவிட்ட நிலையில், அரிய ரைஃபிள் ஒன்றை நம்பி ஒப்படைக்கத் தக்க இடம் என்று இந்தக் கடையை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அவசரக்காரர்களுக்கு ஏற்ற இடம் அன்று.

நான் கொண்டுபோனது வால்பாறைத் தோட்டமொன்றில் வேலை பார்த்த தாத்தாவிடமிருந்து வாரிசுரிமையில் வந்த மன்லிக்கர்-ஷோனாவர் ரைஃபிள். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 1903-ஆம் ஆண்டு மாதிரி, 6.5×54 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இதன் மேகசினில், அதாவது தோட்டாக்களை நிரப்பி வைக்கும் அறையில், தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை. சுழலும் உருளை ஒன்றின் பள்ளங்களில் ஐந்து தோட்டாக்கள் அமர்ந்து, ஒவ்வொன்றாக மேலே வரும். அந்த உருளையைத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ரைஃபிளின் தனிச்சிறப்பே போய்விடும். என்னுடையதில் அதுதான் தளர்ந்திருந்தது. தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கும் வலுவிழந்திருந்தது. மவுசர் 98 என்ற ஜெர்மானிய அமைப்பில் செய்யப்பட்ட .275 ரிக்பி போன்ற துப்பாக்கியாக இருந்தால் இவ்வளவு கவலை இல்லை. அந்த அமைப்பு உலகெங்கும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. பாகங்களைக் கையால் இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தாலும் அவற்றின் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஷோனாவர் மேகசினுக்கு அந்த வசதி கிடையாது.

வெளிநாட்டில் விற்கும் ஸ்பிரிங்கை ஏன் வரவழைக்கக் கூடாது என்று பலரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் அடங்குகின்றன. 10-ஆம் பிரிவின்படி, சட்டமே சொல்லும் சில விலக்குகளைத் தவிர, உரிமம் இல்லாமல் எதையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அதற்கு மேல் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. விற்பனைக்காகத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கும் ரைஃபிள் சங்கங்களுக்கும் மட்டுமே வாசல் சற்றுத் திறந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர், அங்கே குறைந்தது ஓராண்டு தம்மிடம் வைத்திருந்த துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவரலாம். ஆனால் தம் வாழ்நாளில் அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. நான் சொல்வது இறக்குமதிப் பக்கத்தை மட்டும். அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி விதிகள் தனி. அமெரிக்காவில் பெரும்பாலான சாதாரணத் துப்பாக்கிகளும் பாகங்களும் 2020-இல் வெளியுறவுத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து வணிகத் துறையின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. 2024-இல் அந்த வணிகத் துறையே கட்டுப்பாடுகளை இறுக்கி, 2025-இல் அவற்றை விலக்கிக்கொண்டது. இவ்வளவும் மாறிக்கொண்டே இருக்க, தபாலில் சிறு பொட்டலமாக வந்துவிடும் என்று ஆசைகாட்டும் இடைத்தரகர்களை நம்புவது ஆபத்து. அப்படி ஒரு தரகர் என்னிடமும் பேசினார். சுங்கத் துறை பிடித்தால் வழக்கு உரிமதாரர் மீதுதான் வரும்.

இறக்குமதி விதி ஒன்று மாறினால் துப்பாக்கிகளின் தலையெழுத்தே மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. கலகக்காரர்கள் கையில் சிக்கிய மார்டினி-ஹென்றி என்ற பழைய ஆங்கில ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில், ஆங்கில அரசு 1907-ஐ ஒட்டி .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. அந்த அளவில் இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். லண்டன் தயாரிப்பாளர்கள் .470, .465 என்று புதிய அளவுகளை உருவாக்கியதற்கு அந்தத் தடையே காரணம். அதேபோல, ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால்தான் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இன்றுவரை நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. இந்த .315 வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகக் கவலை மிகக் குறைவு. கடையில் அதற்கான எக்ஸ்ட்ராக்டரும் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங்கும் இருப்பில் இருந்ததை நானே பார்த்தேன்.

இனி கடையின் வேலைக்கு வருகிறேன். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உரிமத்தையும், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணையும், குழலிலும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டிலும் பொறிக்கப்பட்ட எண்களையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். அதன்பின் பட்டறையில் இருக்கும் பெரியவர் மேகசினைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, எது தேய்ந்தது, எது வெறும் அழுக்கு என்று எனக்கே காட்டி விளக்கினார். பாதிக் குறைக்குக் காரணம் பல பத்தாண்டுகளாக இறுகிப்போன எண்ணெய்ப் பசைதான் என்பது அப்போது தெரியவந்தது. சுத்தம் செய்த பிறகும் ஸ்பிரிங் தளர்வாகவே இருந்ததால், பழையதை அளவெடுத்துப் புதிதாகச் செய்து பொருத்தத் தீர்மானித்தார்கள். கூலியை முன்பே தாளில் எழுதித் தந்தார்கள். முடிவில் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. நீக்கிய பழைய ஸ்பிரிங்குகளைக் குறிப்புச்சீட்டு கட்டித் திருப்பித் தந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நூறு ஆண்டு கடந்த ரைஃபிளில் மூலப் பாகம் ஒவ்வொன்றும் அதன் வரலாற்றைச் சேர்ந்தது. அதை எறிந்துவிடும் கைகளில் நான் எதையும் கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடைமீது எனக்கு மதிப்பு வந்தது அவர்கள் மறுத்த ஒரு காரியத்தால். 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசுரிமையில் வருவதும் இந்த வரம்புக்குள்தான். உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது நல்லதே. ஆனால் மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்ததால், தோட்டா கிடைக்காத பழைய ரைஃபிள்களைத்தான் பல குடும்பங்கள் முதலில் கைவிட்டன. அப்படி ஒப்படைக்கப்பட்ட இன்னொரு ஷோனாவர் இதே கடையின் பெட்டகத்தில் இருந்தது. அதிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளலாமே என்று உடன் வந்த என் சித்தப்பா கேட்டார். “தப்பா நினைச்சுக்காதீங்க சார். அது வேறொருத்தர் பொருள். அதுல இருந்து ஒரு ஸ்க்ரூ கூட நான் எடுக்க மாட்டேன்” என்றார் பெரியவர். உதிரிபாகப் பஞ்சத்தில் இப்படி ஒரு துப்பாக்கியைப் பிரித்து இன்னொன்றை ஒப்பேற்றும் வழக்கம் எங்கும் உண்டு. எண் மாறிய போல்ட்டுகள் புழங்குவது அதனால்தான். அதற்கு இடம் கொடுக்காத கடைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை மிகவும் மெதுவாக நடக்கிறது. சொன்ன தேதி தள்ளிப்போவதைத் தாங்களாகத் தெரிவிப்பதில்லை, நாம்தான் தொலைபேசியில் கேட்க வேண்டும். குழலுக்குத் துருப்பிடிக்காமல் காக்கும் நீலப்பூச்சு செய்யும் வேலை இங்கே சுமார்தான். ட்ரிகர் காப்பின் நிறம் குழலின் நிறத்தோடு ஒட்டவில்லை. பழைய பூச்சு ஓரளவு நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் விடும்படி சொல்லிவிடுங்கள். துப்பாக்கியின் மரக்கட்டையில் ஏற்பட்ட விரிசலை அடைத்த வேலை மட்டும் கண்ணுக்கே தெரியாத நேர்த்தி. குழல் தேய்ந்துவிட்ட துப்பாக்கிக்கு இவர்களிடம் தீர்வு இல்லை; அதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பாதுகாப்பில் வைக்கும் வசதியும் உண்டு. கடற்காற்று வீசும் இந்த ஊரில் துணி உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கி துருப்பிடிப்பது உறுதி. இங்கே உறையைக் கழற்றி, எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு நிற்க வைக்கிறார்கள். வாடகை சற்றுக் கூடுதல் என்றாலும் கொடுக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமதாரர்கள் பலரும் துப்பாக்கிகளை ஒப்படைக்கத் திரள்வதால், அந்த மாதங்களில் பட்டறை வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே பழுதுபார்க்கக் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே, உரிமத்தின் மூலப்பிரதியோடும், துப்பாக்கியைப் பற்றி வீட்டில் கிடைக்கும் பழைய ரசீது, தயாரிப்பாளரின் கடிதம் போன்ற எல்லாத் தாள்களோடும் செல்வது நல்லது. மாதிரியின் ஆண்டு தெரிந்தால் பெரியவருக்கு அளவுகளைத் தேடும் வேலை பாதியாகக் குறைகிறது.