எஸ்.பி. ரோட்டில் கபாசிட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) பத்தும் போலி. அதே சரக்கு இன்னும் அந்தக் கடை அலமாரியில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவி வீணை வாசிப்பவர். அல்சூர் வீட்டிலேயே பதிவு செய்ய ஒரு மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) கட்டினேன். வீணையின் கார்வை கரைந்து அடங்கும் இடத்தில் பவர் சப்ளையின் இரைச்சல் துளி இருந்தாலும் காதில் விழும். அதனால் வேகமாக ஸ்விட்ச் ஆகி இரைச்சல் தரும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை வேண்டாம் என்று 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், அதைச் சமன்படுத்த இந்த 4700 கபாசிட்டர்கள், வோல்ட்டை நிலையாக வைக்கும் எல்.எம். 317, 337 ரெகுலேட்டர்கள் என்று பழைய வழியிலேயே போனேன். அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் 317 ரிப்பிளை (டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை) 80 டெசிபெல் வரை அடக்கும். அதையும் போட்டிருந்தேன்.

ஆனாலும் ஹம் என்ற ரீங்காரம். கிரவுண்ட் வயர்கள் வளையமாகிக் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸைப் பிடிக்கும் கிரவுண்ட் லூப்தான் என்று நினைத்து வயரிங்கை இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன். ஒரு மாதம் போனது. அப்புறம் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ் இல்லை, 100. ரெக்டிஃபயரைத் தாண்டும்போதுதான் 50 இரட்டிப்பாகும். அப்படியானால் கோளாறு ரெக்டிஃபயருக்கு அப்பால்! 200 மில்லிஆம்பியர் லோடுக்கு 4700-இல் அரை வோல்ட் ரிப்பிள்கூட வரக் கூடாது. எனக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வந்தது. 20 வோல்ட் இருக்க வேண்டிய உள்ளீடு 16-க்கு இறங்கி இறங்கி ஏறியது. 15 வோல்ட் கொடுக்க 317-க்கு உள்ளே குறைந்தது 17 வோல்ட் வேண்டும்.

கழற்றி அளந்தேன். 390 மைக்ரோஃபாரட். தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்து டப்பாவை அறுத்தேன். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் இன்னொரு கபாசிட்டர். அதில் 470, 25 வோல்ட் என்று அச்சு. கை உதறியது. 50 வோல்ட் என்று நம்பி யாராவது 35 வோல்ட் லைனில் போட்டிருந்தால் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும்.

வாங்கும்போது கடைக்காரர், "தம்பி, நம்ம ஆளுக்குத் தப்பா குடுப்பேனா? பில் எதுக்கு, வரி வேற ஏறும்" என்றார். தமிழ் கேட்டதும் நானும் சரி என்றுவிட்டேன். அறுத்த டப்பாவோடு திரும்பிப் போனபோது, "இது எங்க சரக்கு இல்ல சார். பில் இருக்கா?" என்றார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

வேறு கடையில் பில்லோடு வாங்கி மாற்றினேன். அன்றே ஹம் நின்றது.

நிறைய மல்டிமீட்டரில் 4700 அளக்க முடியாது. பரவாயில்லை. டிஸ்சார்ஜ் ஆன கபாசிட்டரை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, பிளஸ் மைனஸ் பார்த்து, 9 வோல்ட் பேட்டரியில் மாட்டுங்கள். கபாசிட்டரின் இரண்டு காலிலும் மீட்டரை வையுங்கள். 5.7 வோல்ட்டைத் தொட நல்ல கபாசிட்டருக்கு ஏறத்தாழ 4.7 விநாடி ஆகும். என்னிடம் இருப்பவை அரை விநாடிகூட எடுக்கவில்லை.